சம்பவ இடத்துக்கு ஓர் அலுவலர்

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 176(3) பிரிவு காவல் நிலையங்களுக்கு ஒரு புதுக் கடமையைத் தந்திருக்கிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால், நிலையப் பொறுப்பு அதிகாரி தடயவியல் வல்லுநரைச் சம்பவ இடத்துக்கு வரவழைத்துத் தடயங்களைச் சேகரிக்கச் செய்ய வேண்டும். சேகரிக்கும் வேலையை வீடியோவும் எடுக்கச் செய்ய வேண்டும். எந்தத் தேதியிலிருந்து இது கட்டாயம் என்பதை மாநில அரசு ஐந்து ஆண்டுக்குள் அறிவிக்க வேண்டும். வசதி இல்லாத மாநிலம், அது வரும்வரை வேறு மாநிலத்தின் வசதியைப் பயன்படுத்திக்கொள்ள அறிவிக்கை வெளியிட வேண்டும். கணக்குப் பார்த்தால் 2029 நடுவில் கெடு முடிகிறது.

வர வேண்டிய வல்லுநர் எந்தத் துறை ஊழியர், சீருடைக்காரரா இல்லையா என்பது பற்றிச் சட்டம் பேசவில்லை. ஆய்வகத்தில் நுண்ணோக்கியோடு வேலை செய்யும் அறிவியலாளரை ஒவ்வொரு பூட்டு உடைப்புக்கும் வண்டியேற்றி அனுப்ப முடியாது. காவலர் ஒருவருக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்து வல்லுநர் என்று பெயர் சூட்டினால் சட்டத்தின் நோக்கமே கெட்டுப்போகும். ஆகவே, சம்பவ இடத்துக்கென்றே படித்து, அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஓர் அரசுப் பணி தேவைப்படுகிறது. பிரிட்டனிலும் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் இந்தப் பணி நெடுநாளாக உண்டு. கைது செய்யும் அதிகாரம் இல்லாத சிவிலியன்களே பெரும்பாலும் அதைச் செய்கிறார்கள். இந்தியாவில் கர்நாடகம் 206 பணியிடங்களோடு இதைத் தனிப் பதவியாக உருவாக்கியது. தமிழ்நாட்டில் அது எப்படி அமையலாம் என்பதை, துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் சூழ்ந்த மீஞ்சூர்ப் பகுதியை வைத்துப் பார்த்தால், கோப்பில் தெரியாத சிக்கல்கள் தரையில் தெரியும்.

இப்போது ஒரு கொலையோ கொள்ளையோ நடந்தால் யார் யார் வருவார்கள் என்பது தமிழ்ப் பத்திரிகை படிக்கும் எவருக்கும் மனப்பாடம். கைரேகை நிபுணர்கள் வந்து தடயங்களைச் சேகரிப்பார்கள். மோப்ப நாய் வரவழைக்கப்படும். அது சிறிது தூரம் ஓடி நின்றுவிடும், யாரையும் கவ்விப் பிடிக்காது. அப்படி வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மேலதிகாரிக்குக் கட்டுப்பட்டவர்கள். கைரேகை நிபுணர் காவல்துறைக்காரர். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் கைரேகைப் பிரிவு உதவி ஆய்வாளராகச் சேர்ந்தவர். நாயும் அதன் பயிற்சியாளரும் துப்பறியும் நாய்ப் பிரிவு. புகைப்படக்காரர் தனி. ரத்தமும் நாரும் மண்ணும் பார்க்கிறவர் தடய அறிவியல் துறையின் அறிவியல் அலுவலர், டி.என்.பி.எஸ்.சி. வழியாக வந்த சிவிலியன். இவர்களுக்கு நடுவே விசாரணை அதிகாரியான இன்ஸ்பெக்டர் பார்வை மகஜர் எழுதி, மாதிரி வரைபடம் போட்டு, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறார். அந்தச் சாட்சிகள் பல வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும்தான். கூட்டத்தை விலக்குவதும், மேலதிகாரி வந்தால் விளக்கம் சொல்வதும், உறவினரைத் தேற்றுவதும், சந்தேகப்படும் ஆளைத் தேடி ஆள் அனுப்புவதும் அதே இன்ஸ்பெக்டர் வேலை. எதை முதலில் எடுப்பது, எதை யார் தொடக்கூடாது, எதை எதில் கட்டுவது என்று அந்த இடத்தை மட்டும் கவனிப்பதற்கென்று ஒருவர் அங்கே இல்லை.

தமிழ்நாட்டில் தடய அறிவியல் காவல்துறைக்கு வெளியே பிறந்த துறை. 1849இல் சென்னை மாகாணத்தில் வேதியியல் பரிசோதகரின் ஆய்வகம் ஏற்பட்டது. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் அது பிற்பாடுதான் போயிற்று. அந்தக் காலத்தில் பெரும்பகுதி விஷ வழக்குகள்: அரளி, பாஷாணம், ஊமத்தை. வயிற்றுக்குள் இருந்தது என்ன என்று சொல்ல வேதியியல் தெரிந்தவர் தேவைப்பட்டார். போலீஸ்காரருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த ஆய்வகத்தின் தொடர்ச்சிதான் இன்று மயிலாப்பூர் காமராசர் சாலையில் இருக்கும் தடய அறிவியல் துறை. மதுரை, கோவை, திருச்சி, சேலம், திருநெல்வேலி முதலிய ஊர்களில் வட்டார ஆய்வகங்களும், மாவட்டங்களில் நடமாடும் ஆய்வகங்களும் அதற்கு உண்டு. விஷம் கண்ணாடிப் புட்டியில் அடைபட்டு ஆய்வகத்துக்கு வந்து சேரும் பொருள். சம்பவ இடம் அப்படி வராது. ஆய்வகத்தில் இருப்பவர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். துறை பிறந்த விதத்திலேயே இந்த இடைவெளி இருந்தது.

வட சென்னைக்கு இதில் ஒரு பழைய பங்கு உண்டு. 1952 ஆகஸ்டில் சென்னையிலிருந்து தெற்கே போன போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி துர்நாற்றம் வீசியது. மானாமதுரையில் அதை இறக்கித் திறந்தபோது தலையில்லாத ஆண் உடல் இருந்தது. தலை பிறகு ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் தலையையும் உடலையும் ஒப்பிட்டு ஒரே ஆள் என்று முடிவு செய்தார்கள். ஆளவந்தார் என்பவர் இராணுவத்தில் பணியாற்றியபோது பதிவான கைரேகையும் பொருந்தியது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட அந்த வழக்கில் சம்பவ இடம் ஒன்றல்ல. கொலை நடந்த வீடு, பெட்டி ஏறிய ரயில் நிலையம், பெட்டி இறங்கிய ஊர், தலை ஒதுங்கிய கரை என்று அது சென்னையிலிருந்து மானாமதுரை வரை நீண்டு கிடந்தது. நான்கையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்க அந்தக் காலத்தில் ஆள் இல்லை. மருத்துவரின் திறமையும் இராணுவப் பதிவும் வழக்கைக் காப்பாற்றின.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது நிலைமை வேறு. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன் தம் குழுவோடு அந்த மைதானத்தை ஆராய்ந்தார். சிதறிக் கிடந்த துணித் துண்டு, கம்பி, மின்கலச் சில்லு ஆகியவற்றிலிருந்து, ஒரு பெண் இடுப்பில் கட்டிவந்த பெல்ட் வெடிகுண்டு அது என்று மறுகட்டமைத்தார். இறந்துபோன புகைப்படக்காரரின் கேமரா அழியாமல் கிடைத்தது வழக்கின் போக்கையே மாற்றியது. சிவிலியன் அறிவியலாளர் சம்பவ இடத்தில் நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பெரிய சான்று காட்டுவது கடினம். முன்னாள் பிரதமர் இறந்த இடத்துக்கு இயக்குநரே போனார். மீஞ்சூரில் ஒரு வீட்டில் பீரோ உடைக்கப்பட்டால் யார் போவது என்பதற்கு 1991 விடை தரவில்லை.

மீஞ்சூரின் நிர்வாக வரைபடம் சற்றுக் குழப்பமானது. வருவாய்க் கணக்கில் அது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. 2022 ஜனவரியில் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது மீஞ்சூர் காவல் நிலையம் அதன் கீழ்ப் போனது. தெற்கே திருவொற்றியூரும் ராயபுரமும் சென்னை ஆணையரகத்தில் நிற்கின்றன. ரயில் நிலையத்துக்குள் குற்றம் நடந்தால் இருப்புப்பாதைக் காவல்துறை. வழக்கு பொன்னேரி நீதிமன்றம். தடயம் போய்ச் சேர வேண்டிய தலைமை ஆய்வகமோ கண்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் சாலைகளைத் தாண்டி, சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி, மெரினா ஓரத்தில்.

2024 நவம்பரில் இந்த வரைபடம் முழுவதையும் ஒரு சூட்கேஸ் இழுத்துக் காட்டியது. நெல்லூரிலிருந்து ரயிலில் வந்த இருவர் மீஞ்சூர் நிலைய நடைமேடையில் அதை விட்டுவிட்டு நகரப் பார்த்தார்கள். பணியில் இருந்த ரயில்வே பாதுகாப்புப் படையினர் சந்தேகப்பட்டு மடக்கினார்கள். உள்ளே வயதான பெண்ணின் உடல். கொலை நடந்த வீடு ஆந்திரத்தில், உடல் தமிழ்நாட்டில், கண்டெடுத்த இடம் ரயில்வேக்குச் சொந்தம். நடைமேடையில் தொடங்கும் வேலையை ஒருவர் கவனமாகச் செய்திருந்தால்தான் நெல்லூர் வீட்டில் எடுக்கும் ரத்த மாதிரிக்கு மதிப்பு. டிரங்குப் பெட்டிக்கு 72 ஆண்டு கழித்து வந்த சூட்கேஸ் அதே கேள்வியைத்தான் கேட்டது.

சம்பவ இட அலுவலர் செய்ய வேண்டிய வேலை வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும். போனவுடன் அவர் எதையும் எடுக்கக்கூடாது. உள்ளே வர ஒரே ஒரு வழியைத் தீர்மானித்து, மீதியைக் கயிறு கட்டி அடைக்க வேண்டும். அதற்குள் யார் யார் உள்ளே போய்வந்தார்கள் என்று பெயரும் நேரமும் எழுதி வைக்க வேண்டும். முதலில் ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், ஆம்புலன்ஸ் ஊழியர், உடலைத் திருப்பிப் பார்த்த காவலர் எல்லாரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். 2008 நொய்டா இரட்டைக் கொலை வழக்கில் முதல் நாள் வீட்டுக்குள் கூட்டம் புகுந்து தடயம் அழிந்தது. அதே வீட்டு மொட்டைமாடியில் கிடந்த இரண்டாவது உடலை மறுநாள்தான் பார்த்தார்கள். முதல் ஒரு மணி நேரம் கைவிட்டுப் போனால் பிறகு எந்த ஆய்வகமும் அதை மீட்டுத் தராது.

அடுத்தது படம். தூரத்திலிருந்து, நடுத் தூரத்திலிருந்து, பக்கத்திலிருந்து என்று ஒவ்வொரு தடயத்துக்கும் மூன்று. பக்கத்துப் படத்தில் அளவுகோல் இருந்தே ஆக வேண்டும். பிறகு வரைபடம், பிறகு எடுப்பது. ரத்தம் தோய்ந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் ஓரிரு நாளில் அழுகி, மரபணு சிதைந்துவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் கட்ட வேண்டும். கடற்காற்றும் உப்பங்கழி ஈரமும் உள்ள எண்ணூர்–மீஞ்சூர்க் கரையில் துணி காய்வதற்கே நேரம் பிடிக்கும். அதற்கென்று காற்றோட்டமான பூட்டிய அறை வேண்டும். காவல் நிலையங்களில் கைப்பற்றிய பொருள்களைப் போட்டு வைக்கும் அறை அதற்கு உதவாது. தீ வைத்த வழக்கில் நேர் எதிர்: மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஆவியாகிவிடும் என்பதால் கருகிய மண்ணையும் துணியையும் காற்றுப் புகாத தகர டப்பாவிலோ கண்ணாடிச் சாடியிலோ அடைக்க வேண்டும். தோட்டாவை உலோக இடுக்கியால் பிடித்தால் புதுக் கீறல் விழும். கைப்பேசியைச் சமிக்ஞை எட்டாத உறையில் வைக்காவிட்டால், வேறெங்கோ இருந்து அதில் உள்ளதை அழித்துவிடலாம்.

உள்ளூர் அறிவு இல்லாதவர் இங்கே தடுமாறுவார். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் நிலக்கரித் தூளும் சாம்பலும் சுற்றுப்புற வீடுகளில் படிகின்றன. எரிசாம்பலை நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்னக் கண்ணாடி உருண்டைகளாகத் தெரியும். சேலத்தில் பிடிபட்டவர் சட்டையில் அது இருந்தால் பேசத்தக்க தடயம். மீஞ்சூரில் பிடிபட்டவர் சட்டையில் இருந்தால் அது ஒன்றும் சொல்லாது. தூசி படிந்த அலமாரியில் கைரேகைப் பொடி சரியாக ஒட்டாது. அதே தூசி படிந்த தரையில் செருப்புத் தடம் துல்லியமாக விழுந்திருக்கும். மின்னூட்டம் கொடுத்த தகட்டுத் தாளால் அதை அப்படியே எடுத்துவிடலாம். அந்த வேலை தெரிந்தவர் வருவதற்குள் நாலு பேர் நடந்தால் போயிற்று. கண்டெய்னர் திருட்டில் பூட்டு முத்திரை அறுபட்ட விளிம்பு எந்தக் கருவியின் பல் என்று சொல்லும். முத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சரக்குக் கணக்கை மட்டும் எழுதினால் அது போச்சு. தண்டவாளத்தில் கிடக்கும் உடல் அடிபட்டதா, கொண்டுவந்து போட்டதா என்பதை ரத்தம் சிதறிய விதம்தான் சொல்லும். அடுத்த ரயில் வருவதற்குள் அதைப் படமெடுத்தாக வேண்டும்.

கேமராப் பதிவு இன்று தனி வேலை. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டிச் சாலையின் கடைகளில் மாட்டியிருக்கும் சி.சி.டி.வி. பெட்டிகள் பழையதன் மேல் புதியதைப் பதிந்துகொண்டே போகும். அவற்றின் கடிகாரம் பத்து நிமிடம் முன்னேயோ பின்னேயோ ஓடுவது வழக்கம். அந்த வித்தியாசத்தை அங்கேயே குறிக்காவிட்டால் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் பதிவு கிழிபடும். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்கு ஹாஷ் எண்ணோடு சான்றிதழ் கேட்கிறது. அதன் முதல் பகுதியைப் பதிவை வைத்திருந்தவர் நிரப்பலாம். இரண்டாம் பகுதியில் வல்லுநர் கையெழுத்திட வேண்டும். அதற்கும் ஆள் வேண்டும்.

ஏழாண்டு என்ற எல்லையைக் கேட்டவுடன் கொலை, பாலியல் வன்முறை, கூட்டுக் கொள்ளை என்றுதான் மனம் போகும். ஆனால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கும் ஏழாண்டு வரை தண்டனை உண்டு. இரவில் பூட்டு உடைத்துப் புகுந்து திருடினால் அதற்கும் மேல். ஏமாற்றிப் பணம் பறிப்பதும் ஏழாண்டுக் குற்றம். கைப்பேசியில் வந்த இணைப்பைத் தட்டிச் சேமிப்பை இழந்தவரின் வழக்கிலும் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்பது எழுத்தின்படி பொருள். சம்பவ இடம் எங்கே, அவர் சட்டைப் பையிலா என்று கேட்டால் சட்டம் சிரிக்காது. ஆக இந்தப் பதவியின் அன்றாட உழைப்பு கொலையில் இருக்காது. பீரோக்களிலும் பின்கதவுத் தாழ்ப்பாள்களிலும் கைப்பேசிகளிலும் இருக்கும். எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும்போது இதை மறந்தால் திட்டம் முதல் மாதமே தள்ளாடும்.

கணக்கு எளிது. ஓர் இடத்தை இரவும் பகலும் காலியாகாமல் வைக்க வாரத்துக்கு எட்டு மணி நேரப் பணிமுறை 21. ஒருவர் வாரம் ஆறு முறை வேலை பார்த்தால் மூன்றரை ஆள். விடுப்பு, பயிற்சி, நீதிமன்றத்தில் காத்திருக்கும் நாள் எல்லாம் கழித்தால் ஐந்து. தனியாளாகப் போகக்கூடாது, எடுப்பவர் ஒருவர், எழுதிப் பதிபவர் ஒருவர் வேண்டும். அப்படியானால் ஒரு வண்டிக்குப் பத்துப் பேர். அந்த வண்டி ஆவடியில் நின்றால் மீஞ்சூருக்கும் காட்டூருக்கும் வந்து சேரத் தாமதமாகும். ஆணையரகத்தின் கிழக்கு முனைக்கென்று மணலி–மீஞ்சூர்ப் பக்கம் ஒரு வண்டி தனியாக நிற்பதே சரி. ரயில்வே எல்லை, மாவட்ட எல்லை என்று பாராமல் எந்தக் காவல் பிரிவு கூப்பிட்டாலும் அது போக வேண்டும்.

இந்தப் பகுதியில் சட்டம் தொடாமல் விட்ட ஒரு பெரிய துண்டும் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி எண்ணூர் முகத்துவாரத்தின் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. கொதிகலன், வாயுக் கசிவு, பாரந்தூக்கி விபத்து இவற்றில் உயிர் போனால் வழக்கமாகப் பதிவாவது அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றம். அதற்கு அதிகபட்சம் ஐந்தாண்டு. ஏழாண்டு எல்லைக்குள் வராததால் தடயவியல் வல்லுநர் வருவது கட்டாயமில்லை. தொழிலகப் பாதுகாப்பு இயக்ககமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வரும். அவை தத்தம் சட்டத்துக்காக வருபவை. திறந்து கிடந்த வால்வு எந்த நிலையில் இருந்தது, பதிவேட்டின் கடைசிப் பக்கம் எங்கே என்பதை அன்றிரவே பதிந்து வைக்க ஆள் இருப்பதில்லை. மறுநாள் ஆலை ஓட வேண்டும் என்ற அவசரத்தில் இடம் கழுவப்பட்டுவிட இடமுண்டு. புதிய பதவியின் பணி வரம்பை மாநில அரசே எழுதப்போகிறது என்பதால், தொழிற்சாலையில் உயிரிழப்பு நேர்ந்தால் இந்த அலுவலர் போக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளத் தடை ஏதுமில்லை. மீஞ்சூருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரி அதிகம் பயன்படும்.

இந்தப் பதவியை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. அமெரிக்காவில் காவல் நகராட்சியின் கீழ் இருப்பதால் அங்கே இதை நகர அரசே உருவாக்குகிறது. இங்கே காவல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநகராட்சியிடம் குப்பையும் குடிநீரும் இருக்கின்றன, குற்றம் இல்லை. நகர அளவில் இதற்குரிய அலகு ஆணையரகம்தான். ஆனால் ஆணையரகத்தில் உட்காருவது வேறு, ஆணையருக்குக் கட்டுப்படுவது வேறு. ஹூஸ்டன் நகரக் காவல்துறையின் ஆய்வகத்தில் மரபணுப் பிரிவு 2002இல் மூடப்பட்டது. தவறான பரிசோதனைகளால் நிரபராதிகள் சிறையில் இருந்தது தெரியவந்தது. பிறகு நகர அரசு காவல்துறையிலிருந்து பிரித்து, தனி ஆட்சிக் குழுவின் கீழ் ஒரு தடய அறிவியல் மையத்தை அமைத்தது. 2014இல் அது வேலையை ஏற்று, சம்பவ இடப் பிரிவையும் தன்னிடம் எடுத்துக்கொண்டது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2009இல் வெளியிட்ட அறிக்கையும் ஆய்வகங்கள் காவல்துறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்றது.

சிவிலியன் ஆக்கிவிட்டால் எல்லாம் தூய்மையாகிவிடும் என்பதும் உண்மையில்லை. வாஷிங்டன் நகரம் 2012இல் காவல்துறையிலிருந்து பிரித்து உருவாக்கிய தடய அறிவியல் துறை, துப்பாக்கித் தடய ஒப்பீட்டில் நேர்ந்த தவறுகள் காரணமாக 2021இல் அங்கீகாரத்தையே இழந்தது. காவல்துறையின் அழுத்தத்திலிருந்து விடுபட்ட நிறுவனத்துக்கு வெளியிலிருந்து தணிக்கை செய்பவரும் வேண்டும் என்பதை அது காட்டியது.

பிரிப்பதற்கான வலுவான வாதத்துக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில் சம்பவ இடம் காவல் நிலையமே. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தடயங்கள் அழியாமலிருக்க அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. சுவரிலும் மற்ற இடங்களிலும் கிடைத்த ரத்தக் கறை பிறகு வழக்கில் முக்கியச் சான்றானது. நீதிபதிகள் தலையிடாவிட்டால் அந்தக் கறை எத்தனை நாள் இருந்திருக்கும்? காவல் நிலையத்தில் மரணம் என்றால் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் உடனே நுழையும் அதிகாரம் சம்பவ இட அலுவலருக்கு இருக்க வேண்டும். ஆணையருக்குக் கட்டுப்பட்டவரால் அது முடியாது. உள்துறையின் கீழ் ஏற்கெனவே தனித் துறையாக இருக்கும் தடய அறிவியல் துறையின் ஊழியராக அவர் இருந்து, ஆணையரகக் கட்டுப்பாட்டு அறையின் அழைப்புக்கு மட்டும் காவல்துறையோடு இணைந்திருப்பதே பொருத்தமான ஏற்பாடு. கைரேகை நிபுணர்களை அப்படியே காவல்துறையில் விட்டுவிட்டு இதைச் செய்தால் ஒரே வீட்டில் இரண்டு துறை மோதும். ஆகவே சம்பவ இடத்தில் தூக்கும் கைரேகையும் இவர் பொறுப்பில் வந்து, ஒப்பிடும் வேலை மட்டும் கைரேகைப் பிரிவில் தங்குவது நல்லது. இதைக் காவல்துறை எளிதில் ஒப்புக்கொள்ளாது.

எதிர்ப்புக்கு நியாயமான காரணமும் உண்டு. விசாரணைக்குப் பொறுப்பானவர் இன்ஸ்பெக்டர். குற்றவாளி தப்பினால் கேள்வி அவரிடம்தான். இரவு இரண்டு மணிக்கு வராத சிவிலியனுக்காக உடலைத் தெருவில் போட்டுவிட்டு அவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? வந்து சேர வேண்டிய நேரத்துக்கு எழுதப்பட்ட வரம்பு இல்லாமல் சுதந்திரம் மட்டும் கொடுத்தால் இந்தப் பதவி நிலைக்காது. அதோடு, சந்தேக நபர் சுட்டிக்காட்டிய இடத்தில் கத்தி கைப்பற்றப்பட்டது என்று எழுதும் மகஜரில் கிராம நிர்வாக அலுவலருக்குப் பதில் வீடியோவோடு ஓர் அறிவியல் பட்டதாரி நிற்பது, நேர்மையாக வேலை செய்யும் விசாரணை அதிகாரிக்கு இழப்பில்லை. அவர் வழக்கு பலப்படும்.

கடைசியாக நீதிமன்றம். தடய அறிவியல் ஆய்வகத்தின் இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர், கைரேகைப் பிரிவு இயக்குநர், வேதியியல் பரிசோதகர் போன்றவர்களின் அறிக்கையை அவர்களைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாக எடுத்துக்கொள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆவது பிரிவு இடம் தருகிறது. சம்பவ இட அலுவலர் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. மாநில அரசு அறிவிக்கை மூலம் மற்ற அறிவியல் வல்லுநர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. பணி நியமன ஆணையோடு அந்த அறிவிக்கையும் வந்தால்தான் பொன்னேரி நீதிமன்றத்தில் ஒவ்வொரு திருட்டு வழக்குக்கும் அவர் நாள் முழுக்க நிற்க வேண்டியிராது. கொலை வழக்கில் எப்படியும் நிற்க வேண்டும், அதுவும் சம்பவம் நடந்து பல ஆண்டு கழித்து. அதனால்தான் இந்தப் பதவியை ஒப்பந்த அடிப்படையில் நிரப்புவது தவறு. பதினொரு மாத ஒப்பந்தத்தில் ரத்த மாதிரி எடுத்தவர் ஐந்தாவது ஆண்டில் சம்மன் வரும்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். உறையில் உள்ள கையெழுத்து யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது. நிரந்தரப் பணி, எழுதப்பட்ட பதவி உயர்வுப் படி, இரவுப் பணிக்குத் தனிப்படி, ஆய்வகத்துக்கு மாறிச் செல்ல வழி ஆகிய நான்கும் இருந்தால் முதுகலை வேதியியலோ உயிரியலோ படித்தவர்கள் வருவார்கள், தங்குவார்கள். ஒன்றிய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்த 2,254.43 கோடி ரூபாய்த் தடய அறிவியல் உட்கட்டமைப்புத் திட்டம் பல்கலைக்கழக வளாகங்களுக்கும் மத்திய ஆய்வகங்களுக்குமானது. மீஞ்சூருக்கு வண்டியில் வரப்போகிற பத்துப் பேரின் சம்பளம் மாநில பட்ஜெட்டிலிருந்துதான் வர வேண்டும்.